இழுக்காத சுங்குடி

சின்னாளபட்டியிலிருந்து திண்டுக்கல் போகும் டவுன் பஸ்ஸில் நாகஜோதிக்குச் சன்னலோரம் கிடைத்தாலும் வேடிக்கை பார்க்க மாட்டாள். மடியில் கிடக்கும் துணியை நகத்தால் கிள்ளி, நூலைச் சுற்றி இறுக்குவாள். ஒரு முடிச்சு, அடுத்து ஒன்று. ஒருநாள் பக்கத்து இருக்கைக்காரரின் தோள்துண்டிலும் நான்கு முடிச்சு விழுந்துவிட்டது. "ஏம்மா, இதுக்குச் சாயமும் நீயே போட்டுக் குடுத்துருவியா?" என்றார் அவர்.

பகலில் இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. வெறும் வயிற்றோடு வந்து உட்கார்ந்திருப்பவரிடம், "நேத்து ராத்திரி என்ன வெஞ்சனம்?" என்பாள். அவர் யோசித்து முடிப்பதற்குள் ஊசி வேலை முடிந்திருக்கும்.

சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போடுவது அவள் வீட்டில் மூன்று தலைமுறைக் கைவேலை. அம்மா பேச்சாயி இன்றும் போடுகிறார். முடிச்சிட்ட துணியைச் சாயத்தில் முக்கிக் காயவைத்து, இரு முனையையும் பிடித்து இழுத்தால் நூல் படபடவென்று தெறிக்கும். சாயம் ஏறாத இடமெல்லாம் வெள்ளைப் புள்ளி. அதோடு சேலை முடிந்தது.

நாகஜோதியும் சாயத்தில் முக்குவாள், ஆனால் இழுப்பதில்லை. முடிச்சுகளை அப்படியே நிறுத்திப் படமாக்குகிறாள். நெருக்கிப் போட்டால் மலை, கலைத்துப் போட்டால் வயல். முதல் நான்கைந்தில் சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. அவளே கிழித்துக் கைப்பிடித் துணியாக்கிவிட்டாள். ஐந்து மாதம் பிடித்த சிறுமலைப் படத்தில்தான் மலை மலையாக நின்றது. மதுரையில் ஒரு கண்காட்சிக்கு அதைக் கேட்டிருந்தார்கள். அவளை யாரும் அப்படிக் கேட்டது அதுவே முதல் முறை.

"வெளஞ்சத அறுக்காமப் போட்ட மாதிரி இருக்குடி" என்பது பேச்சாயியின் கருத்து. எந்த இடத்தில் ஒரு வேலை முடிகிறது என்பதில்தான் இருவருக்கும் தீராத வழக்கு.

படத்தை எடுத்துப்போக வண்டி வரவேண்டிய காலையில் நாகஜோதி குளித்துவிட்டு வெளியே வந்தாள். வீட்டுக்குள் படபடவென்று சத்தம். சிறுமலைத் துணியின் ஒரு முனையைச் சன்னல் கம்பியில் கட்டி, மறு முனையைப் பேச்சாயி இழுத்துக்கொண்டிருந்தார். மேல் பக்கம் ஒரு முழம் தட்டையாகியிருந்தது.

"யம்மா, இதத்தான இழுக்கக் கூடாதுன்னு சொன்னேன்."

"மத்ததெல்லாம் நம்ம வீட்டுல கெடக்குறது. இது வெளியூருக்குப் போறதாச்சே. அரைகொறையாவா அனுப்புறது?"

நாகஜோதி தரையில் உட்கார்ந்துவிட்டாள். பேச்சாயி துணியைக் கீழே விடவில்லை.

வானத்தையும் அவள் முடிச்சாகவே வைத்திருந்தாள். அது மலைமேல் இன்னொரு மலையாகக் கனத்துக் கிடந்ததை இந்த ஐந்து மாதமும் கவனிக்கவில்லை. இப்போது அவிழ்ந்த பக்கத்தில் வெள்ளைப் புள்ளிகள் சிதறி, மலைக்கு மூச்சுவிட இடம் கிடைத்திருந்தது. அவிழாத பக்கம் மூட்டையாக இருந்தது.

எழுந்து, வளையலில் மாட்டியிருந்த ஊக்குகளைக் கழற்றி, மலைமுகட்டை ஒட்டி வரிசையாகக் குத்தினாள். சன்னல் கம்பியிலிருந்து முனையை அவிழ்த்துத் தன் கையில் சுற்றிக்கொண்டாள்.

"இந்த ஊக்கு வரைக்குந்தான். பைய இழு."