எடுக்காத படத்துக்குப் போட்ட தடை

இதைச் சொன்னால் நீங்கள் என்னை ஒரு மாதிரி பார்ப்பீர்கள் என்று தெரியும், பார்த்துக்கொள்ளுங்கள். எனக்கு முகையூர்ப் பக்கம், கிறிஸ்தவக் குடும்பம். எங்கள் வீட்டில் ஜெபம் உண்டு, பேய் பிசாசுப் பேச்சு கிடையாது. அதோடு பதினாறு வருடமாக என் பிழைப்பு கம்ப்யூட்டர் சர்வர்களைப் பார்த்துக்கொள்வது. எது நடந்தாலும் லாக்கில், அதாவது சர்வர் தானே எழுதிக்கொள்கிற குறிப்பேட்டில், அதற்கு ஒரு வரி விழுந்திருக்கும், அந்த வரியைப் பிடித்துவிட்டால் காரணம் தெரிந்துவிடும், நான் நம்பியது அவ்வளவுதான். இந்த விஷயத்திலும் வரி இருக்கிறது. காரணம்தான் இன்றுவரை கிடைக்கவில்லை.

விழுப்புரத்தில் வீடு, திண்டிவனத்தில் வேலை. மரக்காணம் பக்கத்துக் கடலோரக் குப்பங்களுக்காக ஒரு தொண்டு அமைப்பு நடத்துகிற சின்ன அலுவலகம், பெயர் வேண்டாம். குப்பத்து ஜனங்களுக்கென்றே ஒரு சாட் ஆப் வைத்திருந்தோம். காற்று எப்படி இருக்கிறது, எந்தப் போட்டு கரைக்கு வந்தது, யார் வலை எங்கே ஒதுங்கிக் கிடக்கிறது, எல்லாம் அதில்தான் போகும் வரும். அதை ஓட்டுகிற சர்வர் எங்கள் அலுவலகத்து மூலையில் ஒரு கறுப்புப் பெட்டி. கஸ்தூரி என்ற பெண் பகல் முழுக்க உட்கார்ந்து வருகிற செய்திகளுக்குப் பதில் போடுவார். அவரும் ஒரு குப்பத்துப் பெண்தான். கணவர் கலியமூர்த்தி, தன் தம்பியோடு ஒரே பைபர் போட்டில் கடலுக்குப் போகிறவர்.

அந்தச் சமயம் எவனோ சாட் நிரலில் இருந்த ஓட்டை வழியாக உள்ளே புகுந்து பைல்களைக் கலைத்துவிட்டுப் போயிருந்தான். இனி அப்படி நடக்கக் கூடாது என்று அந்த நிரலுக்கு ஒரு கட்டாயக் காவல் போட ஆரம்பித்தேன். பெரிய வித்தை இல்லை. இந்த நிரல் எந்தெந்த பைலைத் தொடலாம், எதைத் தொடக் கூடாது என்று ஒரு பட்டியல் எழுதி சிஸ்டத்திடம் கொடுத்துவிட வேண்டும். அப்புறம் அந்த நிரல் தலைகீழாக நின்றாலும், அதற்குள் திருடனே புகுந்தாலும், பட்டியலைத் தாண்டி ஒன்றையும் தொட முடியாது. ஆனால் எடுத்தவுடனே தடுக்க மாட்டோம். சில நாள் வேடிக்கை மட்டும் பார்க்கச் சொல்வோம். நிரல் எதையெல்லாம் தொடுகிறது என்று காவல் ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டே வரும், யாரையும் மறிக்காது. அதை வைத்துக்கொண்டு நிதானமாகப் பட்டியலை எழுதுவோம்.

அப்படி வேடிக்கை பார்த்த நாட்களில்தான் ஒரு பைலின் பெயர் கண்ணில் பட்டது. ஏழு, சி, பூஜ்யம், ஈ என்று தொடங்குகிற நீளமான பெயர். எங்கள் சர்வரில் யாராவது படம் அனுப்பினால் அந்தப் படத்திலிருந்தே கணக்குப் போட்டு அதற்கு ஒரு பெயர் வந்துவிடும், கைரேகை மாதிரி. படத்தில் ஒரு புள்ளி மாறினாலும் பெயர் முழுக்க மாறிப்போகும். முன்கூட்டி யூகிக்கவெல்லாம் முடியாது. அந்தப் பெயரில் எங்களிடம் படமே இல்லை. போல்டர் பூராவும் தேடினேன், பழைய பேக்கப்பில் தேடினேன், இல்லை.

இதில் இன்னொன்று. இல்லாத பைலைத் திறக்கப் போனால் சிஸ்டமே 'இல்லை' என்று திருப்பி அனுப்பிவிடும், காவல்வரை விஷயம் போகவே போகாது. கதவே இல்லாத சுவரில் காவல்காரனுக்கு என்ன வேலை, சொல்லுங்கள். ஆனால் காவல் எழுதியிருந்தது. மூன்று நாள் தொடர்ந்து மத்தியானம் பன்னிரண்டரை வாக்கில், திறந்தது, படித்தது என்று எழுதியிருந்தது.

பழைய திருடன்தான் ஏதோ வேலை காட்டுகிறான் என்று நினைத்தேன். பட்டியலில் அந்த ஒரு பெயருக்கு மட்டும் தனியாக ஒரு தடை எழுதினேன். போல்டரில் மற்ற எல்லாப் படத்துக்கும் அனுமதி, இதற்கு மட்டும் கிடையாது. அப்படிப் பெயர் சொல்லித் தடுத்துவிட்டால் காவல் அதைப் பற்றி எழுதுவதையும் நிறுத்திவிடும். காவலை முழுசாக அமலுக்குக் கொண்டுவந்தேன், லாக் சுத்தமாகிவிட்டது, நானும் மறந்துவிட்டேன்.

அடுத்த வாரம் கலியமூர்த்தியும் தம்பியும் கடலுக்குப் போனார்கள். அன்றைக்கு இரண்டு பேர் மட்டும்தான். மதியத்துக்கு மேல் காற்று திரும்பியது. மற்ற போட்டுகள் கரை ஏறிவிட்டன, இவர்கள் வரவில்லை. குப்பத்து ஆட்கள் நாலு நாள் தேடினார்கள். கஸ்தூரி நாலு நாளும் வேலைக்கு வந்தார். "வூட்ல குந்திக்கினு இன்னா சார் பண்றது, சேதி எதுனா வந்தா இங்கதான மொதல்ல வரும்" என்றார்.

அவர் சொன்ன மாதிரியேதான் வந்தது. ஐந்தாம் நாள் பகல் பதினொரு மணி இருக்கும். பூபாலன் என்று அந்தக் குப்பத்து ஆள் ஒருவர், சின்ன வயதிலேயே ஊரை விட்டுப் போய் ஆந்திரா பக்கம் ஒரு துறைமுகத்தில் ஐஸ் கம்பெனியில் வேலை பார்க்கிறவர், எங்கள் சாட்டில் எழுதியிருந்தார். கஸ்தூரி சத்தமாகப் படித்தார்.

"ஒருத்தர கடல்லேர்ந்து தூக்கியாந்துக்கிறாங்க. உசுரு இருக்குது, பேச்சு இல்ல. நம்ம குப்பத்து ஆளுதான், கையில பேரு பச்ச குத்திக்கினு இருக்குது, அவங்கப்பா பேரு. கலியமூர்த்தியா தம்பியான்னு எனக்குத் தெரில. போட்டோ போட்டுக்கிறேன், பாத்துச் சொல்லுங்க. ஆஸ்பத்திரிக்கு எடுத்துக்கினு போறோம்."

அதன் கீழே படம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சாம்பல் கட்டம். வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. கஸ்தூரி அதைத் தொட்டார். மறுபடி தொட்டார். பூபாலனுக்குப் போன் போட்டார், ஸ்விட்ச் ஆப். குப்பத்திலிருந்து வரிசையாகச் செய்தி வந்தது, யாருக்கும் திறக்கவில்லை என்று. மற்ற படங்கள் எல்லாம் திறக்கின்றன, இது ஒன்று மட்டும் மாட்டேன் என்கிறது.

"சார், ஜல்தி பாருங்க சார்" என்றார். கத்தவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

சர்வரில் போய்ப் பார்த்தேன். படம் வந்து சேர்ந்திருந்தது, அளவெல்லாம் சரியாக இருந்தது. பெயரைப் பார்த்தேன். ஏழு, சி, பூஜ்யம், ஈ. நம்பினால் நம்புங்கள், என் தடைப் பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வோர் எழுத்தாக விரலை வைத்து ஒப்பிட்டேன், அறுபத்து நாலு எழுத்தும் ஒன்றுதான். அரைமணி நேரம் முன்னால் ஆந்திராவில் எடுத்த படத்துக்கு இங்கே திண்டிவனத்தில் உட்கார்ந்துகொண்டு போன வாரமே நான் தடை போட்டிருக்கிறேன்.

யோசிக்க நேரமில்லை. தடையை எடுத்தேன், பட்டியலைப் புதுசாக ஏற்றினேன். எனக்குப் பின்னால் கஸ்தூரியின் திரையில் படம் வந்தது. ஐஸ் கம்பெனி சிமென்ட் தரையில் ஒரு ஆள் மல்லாந்து கிடந்தார், முகம் உப்பிப்போய், உதடு வெடித்து.

கஸ்தூரி ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் "தம்பி" என்றார். அவ்வளவுதான். உடனே போனை எடுத்து ஓரகத்திக்குப் போட்டார். "அழுவாத. உன் வூட்டுக்காரருதான். உசுரோட இருக்காரு. கெளம்பு" என்றார். போனை வைத்துவிட்டு, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஜன்னல் பக்கம் போய் நின்றார்.

தம்பி பிழைத்துக்கொண்டார். இரண்டு நாள் கழித்துப் பேச்சு வந்தது. போட்டு கவிழ்ந்ததும் அண்ணன்தான் டீசல் கேனை இவர் இடுப்பில் கட்டிவிட்டாராம். கலியமூர்த்தி கிடைக்கவில்லை.

எல்லாம் கொஞ்சம் அடங்கிய பிறகு ஒருநாள் அந்தப் படம் வருவதற்கு முன்பே அதை யார் கேட்டது என்று தேடினேன். காவல் எழுதுகிற லாக்கில் ஆள் பெயர் இருக்காது. ஆனால் சாட் நிரல் தனக்கென்று ஒரு லாக் எழுதும், அதை நான் அதுவரை திறந்தே பார்க்கவில்லை. அதில் இருந்தது. கேட்டது கலியமூர்த்தியின் போன். முதல் மூன்று நாள் அனுமதி. அதற்குப் பிறகு தினமும் தடை, தடை, தடை. கடைசி வரி அவர் கடலுக்குக் கிளம்பிய அன்று விடியற்காலை. அப்போதெல்லாம் அவர் கரையில், நல்லபடியாக, நம்மைப் போல நடமாடிக்கொண்டிருந்த மனுஷன்.

வைரஸ் என்று சொல்லுங்கள், சர்வரில் மணி தப்பாக ஓடியது என்று சொல்லுங்கள், எல்லாம் நானும் பார்த்துவிட்டேன். மணி சரியாகத்தான் இருந்தது. எனக்குத் தெரிந்த இரண்டு பேரிடம் லாக்கைக் காட்டினேன். ஒருவர் சிரித்தார். இன்னொருவர் பேச்சை மாற்றிவிட்டார்.

கஸ்தூரியிடம் நான் எதுவும் சொல்லவில்லை. என்னவென்று சொல்வது? காரியமெல்லாம் முடிந்து அவர் மறுபடி வேலைக்கு வந்த இரண்டாவது மாதம், ஒரு மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவராகவே சொன்னார், சும்மா பேச்சுவாக்கில்தான்.

"உங்ககிட்ட ஒன்னு கேக்கணும்னு அவரு சொல்லிக்கினே இருந்தாரு சார், நான்தான் மறந்துட்டேன். அவரு போன்ல நம்ம ஆப்புல ஒரு படம் வந்துச்சாம், யாரு அனுப்புனதுன்னே இல்லியாம். மங்கலா இருந்துச்சாம். யாரோ தரையில படுத்துக்கினு இருக்காப்ல. நாளுக்கு நாளு கொஞ்சங் கொஞ்சமா தெளிஞ்சிக்கினு வந்துச்சாம், அப்புறம் ஒருநாளு அப்படியே நின்னுடுச்சாம். 'யாருன்னு தெரிஞ்சிருக்கும்டி, மூஞ்சி வர்ற நேரத்துல நின்னுடுச்சி'ன்னு பொலம்பிக்கினே இருந்தாரு. கடலுக்குப் போற அன்னிக்கிக்கூடக் காலைல அதத்தான் நோண்டிக்கினு இருந்தாரு."



"எதுனால சார் நின்னுருக்கும்?" என்று கேட்டார்.

"நெட்வொர்க்கா இருக்கும்மா" என்றேன்.

"அதான் நானும் சொன்னேன்" என்று டப்பாவை மூடிக்கொண்டு கை கழுவப் போனார்.