கஞ்சி நோன்பும் எலிகளின் தூக்கமும்

திருப்பதியில் ஆராய்ச்சி மாணவனாக இருந்தபோது என் வேலை எலிகளைத் தூங்கவைப்பது. சிரிக்காதீர்கள், அதற்குத்தான் உதவித்தொகை கொடுத்தார்கள். ஒரு கூட்டத்துக்கு நல்ல தீனி, இன்னொரு கூட்டத்துக்கு மக்னீசியம் நீக்கிய தீனி. சில வாரம் கழித்து இரண்டுக்கும் ஒரே அளவு தூக்க மருந்தை ஊசியில் ஏற்றிவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். நல்ல தீனி தின்றவை சீக்கிரம் எழுந்துவிடும். மற்றவை வெகுநேரம் கிடக்கும். மருந்தை உடைக்கும் நொதிகள் அவற்றின் ஈரலில் குறைந்துபோயிருக்கும். தீனியைச் சரிசெய்தால் தேறிவிடும்.

சித்தூர் பக்கம் எங்கள் எல்லையோரக் கிராமத்தில் என் அப்பா, நைனா, அப்போது நோன்பில் இருந்தார். எனக்கு அமெரிக்காவில் வேலை கிடைத்திருந்தது, விசாதான் வரவில்லை. அது வரும்வரை வெறும் வெள்ளைக் கஞ்சி மட்டுமே குடிப்பதாகத் திருமலை சாமிக்கு வேண்டிக்கொண்டார். கீரை, கேழ்வரகு எல்லாம் நிறுத்தம். வலிப்புக்குப் பல வருடமாகப் போட்டுவந்த மாத்திரையை மட்டும் நிறுத்தவில்லை.

ஒரு சனிக்கிழமை பாகாலா வழியாக ரயிலில் ஊருக்குப் போனேன். நடுப்பகலில் கஞ்சிக் கிண்ணத்துக்கு எதிரிலேயே நைனா தூங்கிக்கொண்டிருந்தார்.

"மாத்திர போட்டா முன்னெல்லாம் லேசா அசத்தும். இப்போ பொழுதுக்கும் தூங்கிக்கினே கீறாரு," என்றாள் அம்மா.

எனக்கு அந்த இடத்திலேயே விளங்கிவிட்டது: வெறும் கஞ்சியில் மக்னீசியம் போதாது, மாத்திரை ஈரலில் உடையாமல் தங்குகிறது. ஆனாலும் எலிக்கு ஆவதெல்லாம் மனிதனுக்கு ஆகுமா என்று எனக்கு நானே வக்கீலாக வாதாடினேன். பொய் வாதம். எங்கள் ஊரில் ஒருவருக்காக எடுத்த நோன்பைப் பாதியில் விட்டால் கேடு அந்த ஒருவருக்கே வரும் என்பார்கள். நொதிகளை அளந்துகொண்டிருந்த நான் அதற்குப் பயந்தேன். எனக்கு விசா வேண்டும்.

நைனா கண் விழித்தார். "இன்னாடா, பேப்பர் வந்துச்சா?"

"அடுத்த வாரம் கூப்பிட்டுகீறாங்க நைனா."

"அதுவரைக்கும் கஞ்சியே துன்றேன், போ."

நான் திருப்பதிக்குத் திரும்ப ரயில் ஏறிவிட்டேன். நான்காம் நாள் வரப்பில் நடந்துபோனவர் தூக்கக் கலக்கத்தில் தடுமாறி விழுந்தார். தோள் எலும்பு முறிந்தது. மறுவாரம் விசா வந்தது. நைனா கட்டுப் போட்ட கையோடு மலையேறி மொட்டை போட்டுக்கொண்டு, அன்றே களியும் கீரையும் சாப்பிட்டார். பகல் தூக்கம் போய்விட்டதென்று இரண்டு மாதம் கழித்து அம்மா கடிதம் எழுதியபோது நான் அமெரிக்காவில் இருந்தேன்.

முதல் விடுமுறையில் வந்தபோது நைனாவால் இடது கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியவில்லை. அவருக்கு அதில் வருத்தமே இல்லை.

"கை போனா போவுது, உனுக்கு வேல ஆச்சில்ல. ஆனா நீ படிச்சவன், சொல்லு. அந்த நேரத்துல எனுக்கு இன்னாத்துக்கு அப்பிடித் தூக்கம் வந்துச்சு?"

"வயசாவுதில்ல நைனா," என்றேன்.

அவருக்கு அப்போது ஐம்பது கூட ஆகியிருக்கவில்லை.