என் மகள் ஆட்டைத் தொட்டுப் பார்த்த நாள்

கோயில் தலைவரே, நீங்கள் பொய் சொன்னீர்கள். பல்கலைக்கழகம் போகும் பிள்ளைகளுக்குக் கோயில் மண்டபத்தில் மாலை போட்ட அன்று, மைக்கைப் பிடித்துக்கொண்டு சொன்னீர்கள். "இந்தப் புள்ளைக்கு டாக்டர் படிப்புக்கு மார்க் பத்தல. அதனால மாட்டு டாக்டருக்குப் போகுது. அதுவும் ஒரு படிப்புதான், கைதட்டுங்க லா" என்றீர்கள். சனம் சிரித்துக்கொண்டே கைதட்டியது. என் மகள் கழுத்தில் மாலையோடு மேடையில் நின்றாள்.

அவளுக்கு மார்க் பத்தியது. அது உங்களுக்கும் தெரியும். ஏன் மாற்றிச் சொன்னீர்கள் என்பது எனக்குத் தெரியும். மற்றவர்களுக்குத் தெரியாது. அதனால் எழுதுகிறேன். எழுதிப் பழக்கமில்லாதவள் நான். குருண் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. வளைத்துச் சொல்ல வராது.

எங்கள் வீடு கெடா மாநிலத்தில், திகாம் பத்துவைத் தாண்டி, செம்பனைத் தோட்டத்துக்குள் இருக்கிறது. என் வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறார். கோலா கெடாவில் மீன் ஏற்றிக்கொண்டு தெற்கே போவார். அவருக்கு இனிப்பு நீர், சர்க்கரை வியாதி. காலில் ஒரு புண் வந்து, ஆறாமல் நாறிக்கொண்டு கிடந்தது. எனக்கு அதைப் பார்க்கவே முடியாது. கட்டு மாற்றியது எல்லாம் என் மகள்தான். சாயந்திரம் பள்ளியிலிருந்து வந்ததும் கையைக் கழுவிக்கொண்டு உட்காருவாள். அவர் காலை இழுத்துக்கொள்வார். இவள் விட மாட்டாள். கதை பேசிக்கொண்டே சுத்தம் செய்து கட்டி முடித்துவிடுவாள். கிளினிக் மிஸ்ஸி, அதாவது நர்ஸம்மா, புண்ணைப் பிரித்துப் பார்த்துவிட்டு, யார் கட்டியது என்று கேட்டார். மகள் என்றோம். அவளை டாக்டருக்குப் படிக்க வையுங்கள் என்றார். அன்றிலிருந்து என் வீட்டுக்காரருக்கு அந்த ஒரே ஆசை. லாரி நிற்கிற இடத்தில் எல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

ஆனால் அதே கையால் அவள் தோட்டத்து மாடுகளையும் பார்ப்பாள். பக்கத்து வீட்டுப் பசு ஒருமுறை கால்வாயில் விழுந்து எழுந்திருக்க முடியாமல் கிடந்தது. ஆம்பிளைகள் கயிறு தேடிப் போனார்கள். இவள் பள்ளிச் சட்டையோடு சேற்றில் இறங்கி, அதன் தலை தண்ணீரில் முங்காமல் மடியில் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பசு மிரளும், கொம்பு பட்டால் வயிறு கிழியும் என்று நான் கரையிலிருந்து கத்தினேன். "கத்தாதீங்கம்மா, அது காதைப் பாருங்க, உங்க சத்தத்துக்குத்தான் மிரளுது" என்றாள். நான் வாயை மூடிக்கொண்டேன். மாடு அமைதியானது.

எஸ்.டி.பி.எம். பரீட்சை முடிந்ததும் பல்கலைக்கழக விண்ணப்பத்தில் முதல் விருப்பம் எதுவென்று போட வேண்டும். மனுச மருத்துவமா, மிருக மருத்துவமா? போனைத் திறந்து வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிப் பார்ப்பாள். இரண்டுமே அவளுக்குப் பிடித்திருந்தது, அதுதான் கஷ்டம். பிடிக்காத ஒன்றைத் தள்ளிவிடுவது சுலபம். அவள் அப்பா அவளை விடவில்லை.

"எனக்குக் காலு அழுகுது. ஒன் ஆடு வந்து எனக்கு ஊசி போடுமா?"

"உங்களுக்கு ஊசி போட ஆஸ்பத்திரியில நெறய டாக்டர் இருக்காங்கப்பா. நீங்கதான் அப்பாயின்மெண்ட் அன்னிக்கு ஒளிஞ்சிக்கிறீங்க."

அவளுக்கு இன்னும் முடிவு வரவில்லை.

அந்த நேரத்தில்தான் முனீஸ்வரர் கோயில் பூசை வந்தது. எங்கள் பக்கத்து வழக்கம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஆட்டை வெட்டுவதற்கு முன் மாலை போட்டு, மேலே மஞ்சள் தண்ணீர் ஊற்றுவோம். ஆடு உடம்பைக் குலுக்க வேண்டும். குலுக்கினால் சாமி உத்தரவு கொடுத்துவிட்டார் என்று பொருள். குலுக்காவிட்டால் எல்லாரும் நிற்க வேண்டியதுதான். யார் வீட்டில் என்ன குறை, யார் நேர்த்திக்கடனை மறந்தது என்று பேச்சு கிளம்பும். மறுபடி தண்ணீர் ஊற்றுவார்கள். மறுபடி நிற்போம்.

அன்று வெட்ட நிறுத்திய முதல் ஆடு தலைவருடையது. குருண் பக்கம் அவருக்கு ஆட்டுக் கொட்டகை இருக்கிறது. பெரிய கடா. மாலை போட்டு நிறுத்தினார்கள். பூசாரி செம்பை எடுத்தார். தண்ணீர் படுவதற்கு முன்பே ஆடு தலையிலிருந்து வால் வரைக்கும் குலுங்கியது.

தலைவருக்குப் பெருமை தாங்கவில்லை. "பார்த்தீங்களா? என் ஆட்டுக்குத் தண்ணியே வேணாம். சாமி அவசரப்படறாரு" என்றார். உறுமிச் சத்தம் ஏறியது. பெண்கள் குலவை போட்டார்கள். நானும் போட்டேன்.

என் மகள் போடவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே போனாள். ஆட்டின் காதைப் பிடித்துப் பார்த்தாள். மூக்கைப் பார்த்தாள், சளி ஒழுகிக்கொண்டிருந்தது. விலாவில் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். ஆடு திரும்பவும் குலுங்கியது. பிறகும் அந்தக் குலுக்கல் நிற்கவில்லை.

தலைவர் சிரித்தார். "என்ன டாக்டரம்மா, ஆட்டுக்கு நாடி பிடிக்கிறியா? அதுக்கு ரிசல்ட்டு வந்திருச்சி, சாமி பாஸ் போட்டுட்டாரு."

அவள் அவரைப் பார்க்கவில்லை. பூசாரியிடம்தான் பேசினாள், சத்தமில்லாமல்.

"சாமி, இது குலுக்கல் இல்ல, நடுக்கம். காய்ச்சல்ல நிக்குது."

"நெசமாவா?"

"நீங்களே தொட்டுப் பாருங்க. நோய் ஆட்டை முனியாண்டிக்குக் கொடுக்கலாமா?"

அந்தக் கேள்விதான் பூசாரியைப் பிடித்தது. கிருமி, காய்ச்சல் என்று அவள் பாடம் நடத்தியிருந்தால் தள்ளிப் போ என்றிருப்பார்கள். குறை உள்ள ஆட்டைச் சாமிக்கு வைக்கக் கூடாது என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும். தலைவருக்கும் தெரியும். அவ்வளவு பேர் நிற்கிற இடத்தில், யாரையும் திட்டாமல், சாமியையும் விட்டுக்கொடுக்காமல், எதைச் சொன்னால் வெட்டு நிற்குமோ அதை மட்டும் சொன்னாள். எனக்கு அந்த அறிவு இல்லை. நானாக இருந்தால் அங்கேயே சண்டை போட்டிருப்பேன்.

பூசாரி ஆட்டைத் தொட்டுப் பார்த்தார். அரிவாளைக் கீழே வைத்தார். வேறு ஆட்டைக் கொண்டு வரச் சொன்னார்.

தலைவர் முகம் மாறியது. பொம்பளப் புள்ள பூசையைக் கெடுத்துவிட்டது, சாமி குத்தம் வரும் என்று பந்தல் முழுக்கச் சொல்லிக்கொண்டு போனார். என் மகள் அந்த ஆட்டை ஒரு செம்பனை மரத்தடியில் தனியாகக் கட்டி, யாரும் கிட்டே போகாதீர்கள் என்று பிள்ளைகளை விரட்டிவிட்டு, கையை முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுத் தேய்த்தாள். பிறகு வந்து எங்களோடு சாப்பிட்டாள்.

ஆபிஸ் திறந்ததும் கால்நடை இலாகாவுக்குப் போன் செய்தாள். ஒரு மலாய்க்கார டாக்டர் வந்தார், பெண். கையுறை, முகமூடி எல்லாம் போட்டுக்கொண்டுதான் ஆட்டின் பக்கத்தில் போனார். ரத்தம் எடுத்தார். ஆடு அதற்குப் பிறகு அதிக நேரம் உயிரோடு இருக்கவில்லை. முடிவு வந்தபோது அவரே எங்கள் வீடு தேடி வந்தார். ஆட்டிலிருந்து மனுசனுக்கு ஒட்டுகிற நோய். அறுக்கிறவன் கை வழியாகவே போகும் என்றார். ஆட்டை வண்டியிலிருந்து இறக்கின இரண்டு பேரையும், தொட்டுப் பார்த்த பூசாரியையும் என் மகளையும் ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தம் பார்க்கச் சொன்னார்கள். நல்ல வேளை, யாருக்கும் ஒன்றும் இல்லை. தலைவருடைய கொட்டகையிலிருந்து ஆடு வெளியே போகக் கூடாது என்று உத்தரவு போட்டார்கள். இது சாமி போட்ட உத்தரவு இல்லை, இலாகா போட்டது. அதைத்தான் அவரால் இன்று வரைக்கும் தாங்க முடியவில்லை.

அந்த வாரம் என் மகள் முதல் விருப்பத்தைப் போட்டாள். கால்நடை மருத்துவம். பாவம், வாயில்லாத சீவன் என்று போகிறாயா என்று கேட்டேன்.

"பாவம்னு போகலம்மா. ஆஸ்பத்திரி டாக்டரு நோய் வந்தவங்களப் பார்ப்பாரு. அன்னிக்குப் பந்தல்ல சாப்பிட்டவங்க யாருமே நோய்னு ஆஸ்பத்திரிக்குப் போகல, பாருங்க. எனக்கு அந்த வேல வேணும்."

பிறகு, "அதோட ஆட்டு மேல கைய வச்சப்ப எனக்குப் பயமே வரல" என்றாள். அதைச் சொன்னபோது அவள் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். என் வயிற்றில் பிறந்தது இவ்வளவு தெளிவாக ஒரு முடிவை எடுக்குமா என்று நினைத்தேன்.

அவள் அப்பா கொஞ்ச நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். பிறகு கோலா கெடா மீன் மார்க்கெட்டில் அவர் பேசுகிற பேச்சு என் காதுக்கு வந்தது. "நான் மாடு மாதிரிதானே ஒழைக்கிறேன், எம் புள்ள என்னையும் சேர்த்துப் பார்த்துக்கும்" என்கிறாராம். இப்போது அப்பாயின்மெண்டுக்கு ஒழுங்காகப் போகிறார்.

இடம் கிடைத்தது. கடிதத்தோடு மார்க்கையும் கோயில் நிர்வாகத்திடம் கொடுத்தோம், விழாவுக்கு. மருத்துவம் கிடைத்த ஒரு பையனின் மார்க்கும் அங்கேதான் இருந்தது. என் மகளின் மார்க் அதற்குக் குறைந்ததில்லை. இரண்டையும் பார்த்தவர் தலைவர். பார்த்துவிட்டுத்தான் அந்த மைக்கைப் பிடித்தார்.

விழா முடிந்து வீட்டுக்கு வந்ததும் என் மகள் மாலையைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். அழவில்லை. "விடுங்கம்மா, மாட்டு டாக்டர்னு சொன்னது நெசந்தானே" என்றாள். எனக்கு அந்தச் சொல்லால் கோபம் இல்லை. மாட்டு டாக்டர், ஆட்டு டாக்டர், கோழி டாக்டர், எப்படி வேண்டுமானாலும் கூப்பிடுங்கள். அவள் தேர்ந்தெடுத்ததைக் கிடைக்காததற்குப் பதில் கிடைத்தது என்றாக்கினீர்களே, அதுதான் கோபம். அடுத்த வருசம் இந்தத் தோட்டத்தில் இன்னொரு பிள்ளை இதே படிப்பைக் கேட்டால், உனக்கும் மார்க் பத்தலையா என்று அதன் வீட்டிலேயே கேட்பார்கள்.

போன வாரம் தலைவர் என் வீட்டு வாசலுக்கு வந்தார். "வாய் தவறிச் சொல்லிட்டேன் தங்கச்சி. நமக்குள்ள முடிச்சிக்கலாம், வெளிய எதுக்கு?" என்றார். டீ கொடுத்தேன். முடித்துக்கொள்ளவில்லை.

அண்ணே, நீங்கள் நமக்குள் சொல்லவில்லை, ஊருக்குச் சொன்னீர்கள். என் வாசலில் வைத்துத் திருப்பி எடுத்துக்கொள்ள முடியாது. வரும் பொதுக்கூட்டத்தில் எழுந்து நில்லுங்கள். என் மகளுக்கு மார்க் பத்தவில்லையா, பத்தியதா? பத்தியது தெரிந்தும் ஏன் அப்படிச் சொன்னீர்கள்? எல்லார் முன்னாலும், மைக்கில், பதில் சொல்லுங்கள்.