எங்க ஆள் வந்தாரா?

எங்கள் கிளினிக்கின் முன்மேசையில் உட்கார்ந்திருக்கும் அம்மாவுக்கு நர்ஸ் வைத்த பெயர் விடாக்கண்டி. அது காதில் விழுந்தும் அவர் கோபித்துக்கொள்ளவில்லை. நான் இங்கே குடும்ப டாக்டர். பெயர்ப்பலகையில் இருப்பது நான். பதினோரு வருடமாகக் கிளினிக்கை நடத்துவது அவர்.

முன்பு டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தவர். எதிர்முனையில் ஆள் பேசுவதைக் காதால் கேட்கும்வரை லைன் கொடுத்தாயிற்று என்று நினைக்கக் கூடாது, அது அங்கே படித்த பாடம். அதை எங்கள் கடிதங்களுக்கும் கொண்டுவந்துவிட்டார். புற்றுநோயோ என்று சந்தேகம் வந்தால் பெரிய ஆஸ்பத்திரிக்கு நான் அவசரக் கடிதம் எழுதுவேன். இரண்டு வாரத்துக்குள் அவர்கள் பார்த்தாக வேண்டும். கடிதம் சேர்ந்ததா, தேதி கொடுத்தார்களா என்பதோடு அவர் நிறுத்துவதில்லை. அந்தத் தேதியன்று சாயங்காலம் மறுபடி போன் போட்டு, "எங்க ஆள் வந்தாரா?" என்பார். அவர் குரலைக் கேட்டாலே அங்கிருப்பவர்கள் பெருமூச்சு விடுவார்களாம்.

எனக்கு ஒரு கெட்ட பழக்கம். எதிரே உட்கார்ந்திருப்பவர் முகம் வாடினால் தாங்காது. கடிதத்தில் ஒன்று எழுதுவேன், வாயால் வேறொன்று சொல்வேன்: "ஒண்ணும் இருக்காது, சும்மா ஒரு தடவ பாத்துடலாம்." இதற்கு இரக்கம் என்று நானே பெயரும் வைத்திருந்தேன்.

டிரைவிங் ஸ்கூல் மாஸ்டருக்கு ஏழு வாரமாகத் தொண்டை கட்டியிருந்தது. நாள் முழுக்க "பிரேக், பிரேக்" என்று கத்துகிறவருக்குத் தொண்டை கட்டாமல் என்ன செய்யும் என்று வீட்டில் விட்டுவிட்டார்கள். சிகரெட்டையும் அவர் விட்டபாடில்லை. கடிதம் எழுதினேன், வழக்கமான வசனத்தையும் சொன்னேன்.

தேதியன்று அவர் போகவில்லை. அன்று அவரிடம் ஓட்டப் பழகிய மூன்று பேருக்கு லைசென்ஸ் டெஸ்ட். விடாக்கண்டி போனில் பிடித்தபோது, ஒன்றும் இருக்காது என்று டாக்டரே சொன்னாரே, நிஜமாகவே முடியாதவர் யாராவது அந்த இடத்தில் போகட்டுமே என்றாராம்.

மறுநாள் மதியம் விடாக்கண்டி சாப்பிடாமல் கிளம்பிப் போய், பயிற்சி மைதானத்தில் சுற்றிக்கொண்டிருந்த காரைக் கைகாட்டி நிறுத்தினார். ஓட்டிக்கொண்டிருந்த பெண்ணை இறங்கித் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, மாஸ்டருக்குப் பக்கத்தில் ஸ்டியரிங் முன்னால் தானே ஏறி உட்கார்ந்தார். அவருக்குச் சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது.

"டாக்டர் சொல்லாதத நான் சொல்றேண்ணா. அந்த லெட்டர்ல புற்றுநோய் சந்தேகம்னு எழுதியிருக்கு. ஒண்ணும் இல்லாமலும் போகலாம். ஆனா பாக்காம அத யாரும் சொல்ல முடியாது."

மாஸ்டர் சாவியைத் திருப்பி என்ஜினை அணைத்தார். பிறகு, தன் மனைவிக்கு இது தெரியுமா என்று மட்டும் கேட்டார்.

காரில் உட்கார்ந்தபடியே ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு, நாலே நாளில் புதுத் தேதி வாங்கிவிட்டுத்தான் விடாக்கண்டி இறங்கினார். சாயங்காலம் என் அறைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டார். நடந்ததைச் சொல்லிவிட்டு, "அவர் பயந்துடுவார்னு ஒண்ணும் நீங்க மறைக்கல. உங்களுக்குத்தான் பயம், டாக்டர்" என்றார். எனக்குச் சுருக்கென்றது. இத்தனை வருட டாக்டருக்கு இவர் பாடம் எடுப்பதா என்று கோபமும் வந்தது. அவர் சொன்னது சரி என்பதால் வந்த கோபம் அது.

குரல்வளையில் இருந்தது புற்றுதான். ஆரம்பநிலை. ஆறு வாரம் கதிர்வீச்சு கொடுத்தார்கள். இன்னும் சில மாதம் போயிருந்தால் குரல்வளையையே எடுக்க வேண்டி வந்திருக்கும் என்றார்கள்.

சிகிச்சைக்குப் பிந்தைய பரிசோதனை முடிவு எனக்கு வந்த அன்று, மாஸ்டரும் மனைவியும் என் எதிரே உட்கார்ந்திருந்தார்கள். கட்டி முழுக்கப் போய்விட்டது, பயப்பட எதுவும் இல்லை என்று சொன்னேன். சந்தோஷத்தில் சத்தமாகவே சொல்லிவிட்டேன். இருவர் முகத்திலும் ஒரு மாற்றமும் இல்லை. மாஸ்டர் மரியாதையாகக் கை நீட்டி அந்தத் தாளை வாங்கிக்கொண்டு எழுந்தார். மனைவியும் பின்னாலேயே போனார். மாஸ்டர் முன்மேசையில் தாளை வைத்து, கரகரத்த குரலில் கேட்டார்.

"டாக்டர் நல்லாயிடுச்சுங்கறாரு. நீ படிச்சுச் சொல்லும்மா."

விடாக்கண்டி முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படித்தார். நான் கதவருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நிஜந்தாண்ணா" என்றார்.

அதைக் கேட்ட பிறகுதான் அந்த மனைவி அழுதார்.