மயிலம்மாள் எடுத்த சிக்கு

புத்தூரில் ஓர் ஆஸ்பத்திரியின் பெண்கள் வார்டில் மயிலம்மாளுக்கு ஆயா வேலை. படுக்கை தட்டுவது, மலச்சட்டி எடுப்பது, ஜுரக்காரர்களுக்கு உடம்பு துடைத்துவிடுவது எல்லாம் அவள் செய்தாக வேண்டிய காரியங்கள். நோயாளிகளுக்குத் தலை வாரிவிடுவது அதில் சேராது. மணப்பாறைப் பக்கத்திலிருந்து பிரசவத்துக்கு வந்து, குழந்தையும் தங்காமல், பார்க்க வர ஆளுமில்லாமல் கிடந்த ஒருத்தி, "அக்கா, தலை அரிக்குது, கொஞ்சம் எண்ணெய் வச்சு விடேன்" என்று கேட்டாள். அதுதான் ஆரம்பம். அடுத்த கட்டில்காரி அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மறுநாள் அவளும் கேட்டாள். பிறகு யாரும் கேட்க வேண்டியிருக்கவில்லை. மத்தியானச் சாப்பாடு முடிந்து வார்டு அடங்கியதும் மயிலம்மாள் தேங்காயெண்ணெய்க் கிண்ணத்தோடு வருவாள் என்பது எல்லோருக்கும் தெரிந்துபோயிற்று. பின்பக்க வராந்தாவில் முந்தானையை விரித்துக் கொஞ்சம் கண்ணயர அவளுக்கு இருந்த நேரம் அது ஒன்றுதான்.

வீட்டிலும் படுக்க முடியாது. உறையூரில் சுருட்டு சுற்றிக்கொண்டிருந்த புருஷன் பெரியண்ணன் இருமல் முற்றி வேலைக்குப் போவதை நிறுத்திவிட்டான். அவன் இருமும்போதெல்லாம் எழுந்து உட்கார்ந்து முதுகை நீவிவிட வேண்டும். இந்த உடம்பு என்னுடையதா, ஊராருடையதா என்று சில நாள் அவளுக்குத் தோன்றும். அதை யாரிடமும் சொன்னதில்லை. சொல்வதற்கும் தெம்பு வேண்டுமே.

ரங்கூன் விழுந்த வருஷத்துக் கோடையில் வேதவதியைக் கொண்டுவந்து சேர்த்தார்கள். ஸ்ரீரங்கம் உத்தர வீதிப் பெண். விஷஜுரம். வீட்டிலேயே கஷாயம் கொடுத்துப் பார்த்து, நினைவு தப்பத் தொடங்கிய பிறகுதான் கொண்டுவந்திருந்தார்கள். புருஷன் ஸ்ரீனிவாசராகவன் ரங்கூனில் ஒரு மரக் கம்பெனியில் குமாஸ்தா. ஜப்பான்காரன் குண்டு போட்ட பிறகு அவனைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. வேதவதிக்குத் துணையாக வந்தது மாமியார் சத்யபாமா மட்டும். அவள் விதவை, முக்காட்டுக்குள் தலை மழித்திருந்தது.

ஜுரம் ஒருவழியாக இறங்கியது. ஆனால் வாரக்கணக்கில் வேர்த்துத் தலையணையில் புரண்டதில், பின்னந்தலை முடி முழுக்கக் கம்பளித் துண்டுபோலத் திரண்டுபோயிருந்தது. விரல் நுழையாது. வார்டு நர்ஸ் லூர்துராணி பார்த்துவிட்டுக் கத்தரிக்கோல் கொண்டுவரச் சொன்னாள்.

வேதவதிக்கு டம்ளரைப் பிடிக்கவும் பலமில்லை. ஆனாலும் இரண்டு கையையும் தூக்கித் தலையைப் பொத்திக்கொண்டாள்.

"வெட்டினா திரும்ப வளரும்மா. இப்படியே விட்டா பேன் வச்சுப் புண்ணாயிரும். சொன்னாக் கேளுங்க," என்றாள் லூர்துராணி.

அதுவரை எதையும் தொடாமல் சுவரோரம் நின்றிருந்த சத்யபாமா பேசினாள். "எங்காத்துல பொம்மனாட்டி தலையில எப்போ கத்தி படும்னு என்னைப் பார்த்தாலே தெரியலையா? என் பிள்ளை இருக்கான். அவன் இருக்கறச்சே இவ தலையில எதுவும் படப்படாது."

லூர்துராணி கத்தரிக்கோலை அலமாரித் தட்டில் வைத்துவிட்டு மயிலம்மாள் பக்கம் திரும்பினாள். "உன்னால முடியுமா மயிலு?"

முடியாது என்று சொல்லத்தான் மயிலம்மாள் வாயெடுத்தாள். "பாக்கிறேன் சிஸ்டர்" என்று வந்துவிட்டது.

மறுநாள் மத்தியானம் தொடங்கினாள். சத்யபாமா கொண்டுவந்த எண்ணெயை வெயிலில் வைத்து இளஞ்சூடாக்கி, சிக்கின் மேல் சொட்டுச் சொட்டாக விட்டு, ஊறும்வரை காத்திருந்தாள். பிறகு நுனியிலிருந்து நாலைந்து மயிராக விரலால் பிரித்தாள். வெடுக்கென்று இழுத்தால் வேரோடு வந்துவிடும். இடது கையால் அடிமுடியை அழுத்திப் பிடித்துக்கொண்டே செய்ய வேண்டும். சாயங்காலம் எழுந்தபோது ஒரு சுண்டுவிரல் கனத்துக்கு முடி விடுபட்டிருந்தது. அவள் இடுப்பை நிமிர்த்தவே கொஞ்ச நேரமாயிற்று.

பல மத்தியானங்கள் இப்படிப் போயின. வேதவதி ஒருக்களித்துப் படுத்தபடி சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஒருநாள், "ரங்கூன்லேர்ந்து எல்லாரும் நடந்தே வராளாமே, நிஜமா?" என்று கேட்டாள்.

"அப்படித்தான் பேசிக்கிறாங்கம்மா."

"எத்தனை தூரம் இருக்கும்?"

"எனக்குத் தெரியலைங்கம்மா. தலையை அசைக்காதீங்க."

பிடரிக்கு மேலே ஒரு கட்டி மட்டும் பாக்கியிருந்த அன்று, காலையிலேயே பெரியண்ணனுக்கு இருமலில் ரத்தம் வந்தது. பக்கத்து வீட்டுக்காரியை உட்கார வைத்துவிட்டு மயிலம்மாள் வேலைக்கு வந்திருந்தாள். மத்தியானம் விரல்கள் சொன்னபடி கேட்கவில்லை. எட்டும் தூரத்தில் கத்தரிக்கோல் இருந்தது. உள்முடிதானே, மேல்முடி மூடிக்கொள்ளும். அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு எண்ணெய்க் கிண்ணத்தைத் தரையில் வைத்தாள்.

"முடியலைங்கம்மா. வீட்டுல அவருக்கு ரத்தமா வருது. நான் போறேன். இதை வெட்டிக்கிறதுன்னா வெட்டிக்குங்க."

திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள்.

மறுநாள் அவள் வந்தபோது சத்யபாமா கட்டிலின் மேல் உட்கார்ந்திருந்தாள். ஆஸ்பத்திரிக் கட்டிலை அதுவரை விரலால்கூடத் தொடாதவள். வீட்டுக்குத் திரும்பியதும் தலைக்குக் குளித்த பிறகே சமையலறைக்குள் நுழைகிறவள். மருமகளின் தலையை மடியில் வைத்திருந்தாள். முழங்கை வரை எண்ணெய் வழிந்திருந்தது. கட்டி பாதியாகக் குறைந்திருந்தது.

"நீ பண்றதைப் பார்த்துண்டுதானே இருந்தேன்," என்றாள் நிமிராமல். "ஆம்படையானுக்கு எப்படி இருக்கு?"

"இருக்காருங்கம்மா."

"உக்காரு. அந்தப் பக்கத்தை நீ எடு."

இரண்டு பேருமாக அன்றே அதை எடுத்து முடித்தார்கள். எண்ணெய் மினுங்கும் பின்னலோடு வேதவதி வீட்டுக்குப் போனாள்.

ஆவணி கடைசியில் சத்யபாமா தனியாக ஆஸ்பத்திரிக்கு வந்தாள். "என் பிள்ளை வந்துட்டான். அஸ்ஸாம் வழியா. குளிர்ஜுரத்தோட படுத்துண்டிருக்கான்," என்றாள். சந்தோஷப்படவும் முடியாமல் களைத்துப்போன குரல். பிறகு இடுப்பிலிருந்து ஒரு முடிச்சுருளை எடுத்துக் காட்டினாள். "வேதவதிக்குக் கொத்துக் கொத்தாக் கொட்டறது. எண்ணெயை மாத்தணுமா?"

"எண்ணெய்ல ஒண்ணும் இல்லைங்கம்மா. விஷஜுரம் வந்தவங்களுக்கு ரெண்டு மூணு மாசம் கழிச்சு இப்படிக் கொட்டும். அப்புறம் தானா முளைச்சுரும்."

"உனக்கு இது முன்னமே தெரியுமா?"

"தெரியுங்க."

"ஏன் சொல்லலை?"

"சொல்லியிருந்தா வெட்டச் சொல்லியிருப்பீங்களா?"

சத்யபாமா யோசித்தாள். "மாட்டேன்," என்றாள். கொட்டிய முடியையெல்லாம் வேதவதி சேர்த்து வைத்திருப்பதாகவும், சவுரி கட்டித்தர முடியுமா என்றும் கேட்டாள்.

மயிலம்மாளுக்கு ஓய்வு கிடைக்கிற ஞாயிற்றுக்கிழமை அதில் போயிற்று. பெட்ரோல் தட்டுப்பாட்டில் கரிப்புகையால் ஓடிய ஸ்ரீரங்கம் பஸ் காவேரிப் பாலத்தில் இரண்டு தடவை நின்றது. கூடத்தில் வேதவதி உட்கார, மெலிந்துபோன முடிக்கு எண்ணெய் தடவிச் சவுரியை வைத்துப் பின்னினாள். கட்டிலில் கிடந்த ஸ்ரீனிவாசராகவன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். கன்னம் ஒட்டிப்போய், காலில் ஆறாத புண்களோடு, அவன் வயது என்னவென்று சொல்ல முடியாமலிருந்தான்.

"நானே இப்படி வந்திருக்கேன். இதைக் கட்டிண்டுதான் என் முன்னால நிக்கணுமா நீ?" என்றான்.

"உங்களுக்காக இல்லை. எனக்காக," என்றாள் வேதவதி.

அவன் கண்ணை மூடிக்கொண்டான். மயிலம்மாள் பின்னலை முடிந்துவிட்டு எழுந்தாள்.

ஐப்பசி மழையில் பெரியண்ணன் செத்துப்போனான். காரியங்கள் முடிந்ததும் அவள் வார்டுக்குத் திரும்பினாள். யுத்தம் முற்ற முற்றக் கடைகளில் தேங்காயெண்ணெய் கிடைப்பது அரிதாயிற்று. கிண்ணம் காலியாக இருந்த நாட்களில் வெறும் சீப்போடு கட்டில் கட்டிலாகப் போனாள். அடுத்த வருஷம், வேதவதிக்கு முடி முளைத்துவிட்டது, முன்னைவிடச் சுருட்டையாக, ஒருநாள் வந்து பார்த்துவிட்டுப் போ என்று சத்யபாமா சொல்லியனுப்பினாள். போகவேண்டும் என்றுதான் மயிலம்மாள் நினைத்தாள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை வந்தால் அவள் தூங்கிவிடுவாள்.