எட்டாம் வகுப்புப் படத்தில் நான்

எங்கள் பள்ளிக்கூடத்து மாணவர் மலரில் எட்டாம் வகுப்புப் படம் ஒன்று இருக்கிறது. அதில் இரண்டாவது வரிசையில், வகுப்பில் என் பக்கத்தில் உட்காரும் கலைமதிக்குப் பக்கத்தில், தலையைக் கொஞ்சம் சாய்த்துச் சிரித்தபடி நிற்பது நான். கீழே என் பெயரும் பிழையில்லாமல் அச்சாகியிருக்கிறது. படம் எடுத்த அன்று நான் அந்த ஊரிலேயே இல்லை. அரியலூரில், அக்கா வீட்டு மாடியில், இரண்டு கைக்குழந்தைகளின் துணிகளை அலசிக்கொண்டிருந்தேன்.

அக்காவுக்கு இரட்டைக் குழந்தை பிறந்தபோது எல்லாரும் சந்தோஷப்பட்டார்கள். நானும் பட்டேன். அந்தச் சந்தோஷத்துக்கு யாராவது ஒருத்தர் வேலை செய்தாக வேண்டும் என்று வந்தபோது எல்லார் கண்ணும் என் மேல் விழுந்தது. அம்மாவுக்கு நடவு. அண்ணனுக்குப் பத்தாம் வகுப்புப் பரீட்சை. அப்பா ஆண்பிள்ளை. மிச்சம் இருந்தது நான்தான். அக்காவைப் புருஷன் வீட்டில் கொண்டுபோய் விட்டபோது வெள்ளி அரைஞாண், தொட்டில், பால் டப்பா எல்லாவற்றோடும் என்னையும் சேர்த்து விட்டுவிட்டு வந்தார்கள்.

“ஒரு மாசம் இருந்துட்டு வந்துடு பாப்பா. அப்பறம் நானே வந்து கூட்டிட்டுப் போறேன்” என்றார் அப்பா. சீருடையை நான் எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு மாதத்துக்கு அது எதற்கு என்று நானேதான் கொடியில் விட்டுவிட்டு வந்தேன்.

அக்கா வீட்டுக்காரரை நான் மாமா என்று கூப்பிடுவேன். கீழே அவருடைய போட்டோ ஸ்டுடியோ, மேலே வீடு. கடைக்கு முன்னால் சிமெண்ட் லாரிகள் ஓயாமல் போகும். கண்ணாடிக் கதவில் படியும் தூசியைக் காலையிலும் சாயங்காலமும் துடைப்பது என் பொறுப்பு. மாமா கெட்டவர் இல்லை. குரலை உயர்த்திப் பேசமாட்டார், கேட்காமலே எனக்குப் புரோட்டா வாங்கி வருவார். அவர் கொஞ்சம் கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு அப்போதே ஏதாவது விளங்கியிருக்கும்.

ஒரு மாதம் முடிந்தது. அப்பாவுக்குப் போன் செய்து எப்போது வருகிறீர்கள் என்று கேட்டேன். அறுப்பு முடியட்டும் என்றார். அறுப்பு முடிந்து கேட்டபோது பொங்கல் போகட்டும் என்றார். அக்காவிடம் கேட்டால் அழுதாள். “நீயும் போயிட்டா ரெண்டையும் வெச்சிக்கிட்டு நான் என்னடி பண்ணுவேன்” என்பாள். அவள் அழுதது நடிப்பில்லை, அவளுக்கும் தூக்கமே கிடையாது. ஆனாலும் அவள் அழும்போதெல்லாம் நான் அழ முடியாமல் போய்விட்டது. இடையில் அரையாண்டுப் பரீட்சை வந்து போனது. நான் எழுதவில்லை, யாரும் ஏன் என்று கேட்கவும் இல்லை.

பொங்கலுக்குப் பிறகு எங்கள் பள்ளிக்கூடம் ஆண்டுவிழாவுக்கு மாணவர் மலர் போட முடிவு செய்தது. அப்பா பேசி அந்த வேலையை மாமாவுக்கு வாங்கிக் கொடுத்தார். படம் எடுக்க மாமா கிளம்பிய அன்று நானும் வருகிறேன் என்று செருப்பைப் போட்டுக்கொண்டு நின்றேன். “புள்ளைங்கள யாரு பாக்குறது?” என்று கேட்டார். நியாயமான கேள்விதான். என் வகுப்பைப் படம் பிடிக்க அவர் போனார். அவர் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு நான் வீட்டில் இருந்தேன்.

ஆனால் படங்கள் வந்த பிறகு என் காட்டில் மழை. யார் எவர் என்று மாமாவுக்குத் தெரியாது, எனக்குத்தான் தெரியும். குழந்தைகள் தூங்கும் மத்தியான நேரங்களில் கம்ப்யூட்டர் முன்னால் அவருக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, பக்கம் பக்கமாகப் படம் தேர்ந்தெடுத்தோம். அந்த வேலையின் தர்மசாஸ்திரம் அங்கேதான் எனக்குப் போதிக்கப்பட்டது. தாளாளர் கண்ணை மூடியிருக்கும் படம் செத்த படம். மரக்கன்று நடும் படத்தில் மரக்கன்று தெரிய வேண்டிய அவசியமில்லை, ஊற்றுகிற கை யாருடையது என்று தெரிய வேண்டும். வலது பக்கம் பார்க்கும் ஆளை இடது பக்கத்தில் வைக்க வேண்டும், இடது பக்கம் பார்ப்பவரை வலது பக்கத்தில். “ஆளு புஸ்தகத்துக்குள்ள பாக்கணும் புள்ள. வெளிய பாத்தா படிக்கிறவனும் வெளிய போயிடுவான்” என்பார் மாமா. நடனமாடும் பிள்ளைகளில் ஓரத்தில் நிற்பவர்களை வெட்டிவிட்டால் நடுவில் நிற்பவர்கள் பெரிதாகத் தெரிவார்கள். யார் ஓரம் என்பதை நான் சொல்வேன். அந்த வயதில் அவ்வளவு அதிகாரம் எனக்கு வேறெங்கும் கிடைத்ததில்லை.

வகுப்பறைக்குள் எடுத்த படம் ஒன்று இருந்தது. என் இடத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பெரிதாக்கிப் பார்த்தேன். யாரும் இல்லை. கலைமதி தன் பையை வைத்திருந்தாள். எனக்காக இடம் பிடித்து வைத்திருக்கிறாள் என்று நினைத்தேன். பையை வைக்க அவளுக்கு ஒரு வசதி கிடைத்தது என்று இப்போது தோன்றுகிறது.

எட்டாம் வகுப்புப் படத்துக்கு வந்தபோது தலைமையாசிரியரிடமிருந்து போன் வந்தது. அவரை நாங்கள் பெரிய சார் என்போம். மாமா போனை மேசை மேல் வைத்துப் பேசியதால் எனக்கும் கேட்டது. “எட்டாவதுல எல்லாப் புள்ளைங்களும் இருக்கணும் தம்பி. குறையக் கூடாது, பாத்துக்குங்க” என்றார். மாமா போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். “உன்னையும் நிக்க வெச்சிடலாமா?” என்றார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. கல்யாண ஆல்பத்தில் துபாயில் இருக்கும் தம்பியை மணமேடையில் கொண்டுவந்து நிறுத்துவதும், செத்துப்போன தாத்தாவை நாற்காலியில் உட்காரவைப்பதும் ஸ்டுடியோவில் தினப்படி நடக்கிற காரியம். என்னை நிறுத்துவது அவருக்கு ஒரு டீ குடிக்கிற நேரத்து வேலை. பாஸ்போர்ட் படம் எடுக்கும் நீலத்துணிக்கு முன்னால் என்னை நிற்கச் சொன்னார். பள்ளிக்கூடத்தில் வெயில் இடது பக்கமிருந்து அடித்ததால் விளக்கை இடது பக்கம் நகர்த்தினார். என் தோளில் குழந்தை கக்கிய பால் காய்ந்திருந்தது. “அது வாணாம், தலை மட்டும் போதும்” என்றார். உடம்பு வேறொரு பெண்ணுடையது. ஏழாம் வகுப்புப் படத்திலிருந்து, இஸ்திரி போட்ட சீருடையாகப் பார்த்து நானே தேர்ந்தெடுத்தேன். நிற்கும் இடத்தையும் நான்தான் சொன்னேன். கலைமதிக்கும் அடுத்தவளுக்கும் நடுவில் இடம் உண்டாக்கி மாமா என்னைச் சொருகினார். சிரிக்காத முகம் இயல்பாக இருக்கும் என்றார். சிரிக்கிற முகம்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன்.

இன்றைக்கு அதே வேலையைச் செய்து சாப்பிடுகிறவள் என்பதால் சொல்கிறேன், அது நல்ல ஒட்டு இல்லை. வெயிலில் மற்றவர்கள் எல்லாம் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்கிறார்கள். நான் மட்டும் நிழலில் நிற்கிறவள் மாதிரி கண்ணை அகல விரித்துச் சிரிக்கிறேன்.

அச்சுக்குப் போகும் முன் பக்கங்களைப் பார்க்கப் பெரிய சார் ஸ்டுடியோவுக்கு வந்தார். எட்டாம் வகுப்புப் படத்தை நெடுநேரம் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினார். பிறகு என் பக்கம் திரும்பி, “ரிஜிஸ்டர்ல உம் பேரு அப்படியேதான் இருக்கு. நீ ஒண்ணும் கவலப்படாத” என்றார். எவ்வளவு நல்லவர் என்று உருகிப்போனேன். பிள்ளைகளின் எண்ணிக்கை இன்னும் குறைந்தால் பள்ளிக்கூடத்தில் ஒரு வாத்தியார் வேலை போய்விடும் நிலைமை என்பதும், அந்தக் கவலைதான் அவரை எங்கள் ஊர்ப் பக்கத்துத் தா.பழூர் பஸ்ஸில் ஏற்றி இவ்வளவு தூரம் கொண்டுவந்தது என்பதும் பிற்பாடு தெரிந்தது. சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். வருஷக் கடைசியில் நான் எட்டாம் வகுப்பில் தேறினேன். மாற்றுச் சான்றிதழில் என் நடத்தை நன்று என்று எழுதியிருக்கிறது. அதற்குப் பிறகு நான் எந்தப் பள்ளிக்கூடத்துக்கும் போகவில்லை.

மலர் அச்சாகி வந்ததும் எனக்கென்று ஒன்றை எடுத்துக்கொண்டேன். பால்காரர், காய்கறிக்காரம்மா, படம் எடுக்க வந்தவர்கள் என்று ஒருத்தரையும் விடாமல் காட்டினேன். அப்பா போன் செய்தார். “போட்டோவுல நல்லாருக்க பாப்பா” என்றார். எப்போது வந்து கூட்டிப்போவார் என்று அவர் சொல்லவில்லை. அன்றைக்கு இருந்த குஷியில் நானும் கேட்க மறந்துவிட்டேன்.

பங்குனி வெயிலில் ஒரு மேடம் குடையோடு தெருவுக்கு வந்தார். பள்ளிக்கூடம் போகாத பிள்ளைகளைக் கணக்கெடுத்துத் திரும்பப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கிறவர். எதிர்ப் பக்கம் பஞ்சர் கடையில் வேலை செய்த பையனிடம் பேசி, கடைக்காரரிடம் ஏதோ கண்டிப்பாகச் சொல்லி, அவன் பெயரை எழுதிக்கொண்டு எங்கள் கடைக்கு வந்தார். நான் ஒரு குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, பாயில் கிடந்த இன்னொன்றுக்குக் கிலுகிலுப்பை ஆட்டிக்கொண்டிருந்தேன்.

“எத்தனாவதும்மா படிக்கிற?”

“எட்டாவது மேடம்.”

“இன்னிக்கு லீவு இல்லியே. இங்க என்ன பண்ற?”

மாமா முந்திக்கொண்டார். “அக்காவப் பாக்க வந்துருக்கு மேடம். நாளைக்குப் போயிடும்.”

மேடம் அவரைப் பார்க்கவே இல்லை. குடையை மடக்கிச் சுவரில் சாய்த்துவிட்டு என் முன்னால் குனிந்தார். இடுப்பில் குழந்தை உட்கார்ந்திருந்த விதத்தையும் என் கையையும் பார்த்தார். “நீ சொல்லும்மா. தினமும் ஸ்கூலுக்குப் போறியா? யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க, நான் பாத்துக்கறேன்” என்றார்.

அந்த வருஷம் முழுக்க என்னைத் தேடி வந்தவர் அவர் ஒருவர்தான். எனக்கு என்ன வேண்டும் என்று கேட்டவரும் அவர்தான். எனக்கு அது தெரியவில்லை. இவர் நம்மை நம்பவில்லை, படிக்காத பெண் என்று நினைக்கிறார் என்று ரோஷம்தான் வந்தது. குழந்தையை மாமா கையில் கொடுத்துவிட்டு மாடிக்கு ஓடி, மலரை எடுத்துவந்து, எட்டாம் வகுப்புப் படத்தைப் பிரித்து நீட்டினேன்.

“இது நான்தான் மேடம். கீழ பேரு கூடப் போட்டுருக்கு, பாருங்க.”

அவர் படத்தையும் என்னையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். மாமா குழந்தையின் முதுகைத் தட்டத் தொடங்கினார். பிறகு மேடம் சிரித்து, “நல்லா விழுந்துருக்க” என்று என் கன்னத்தைத் தட்டி, புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தார். குடிக்கத் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு, குடையை விரித்து அடுத்த வீட்டுக்கு நடந்தார். மாமா குழந்தையோடு எனக்கு ரோஸ்மில்க் வாங்கப் போனார். புத்தகத்தைப் பிடித்தபடி நான் வாசலிலேயே நின்றேன். பஞ்சர் கடைப் பையன் பெயரையெல்லாம் எழுதிக்கொண்டவர் என் பெயரை எழுதிக்கொள்ளாமல் போகிறாரே என்று எனக்கு அழுகையாக வந்தது.