பொட்டு வைத்த ரெய்டு கார்டு

காட்டுப்பாக்கம் ஜெகதீஷ் சாஃப்ட்வேர் எழுதிச் சம்பாதிப்பவர்; ஆனால் சாஃப்ட்வேரை நம்பாதவர். மகளின் படங்களை ஒரே நேரத்தில் இரண்டு டிஸ்கில் எழுதிப் பாதுகாக்கும் 'ரெய்டு' (RAID) என்ற வேலையைக் கணினியில் உள்ள சாஃப்ட்வேரே சும்மா செய்துகொடுக்கும். அவரோ அதற்கென்று கணினிக்குள் செருகும் தனி கார்டு வாங்கிப் படங்களை ஏற்றிவிட்டு, போனில் இருந்தவற்றை அழித்தார்.

"கையால தொட முடியாதத எப்படி நம்பறது செல்வா?" என்று பக்கத்து ஃபிளாட் செல்வகுமாரிடம் கேட்டார்.

ஆயுத பூஜையன்று கார்டைத் தொட்டுச் சந்தனமும் குங்குமமும் வைத்துப் போனில் படமெடுத்தார். ஈரம் காயுமுன் ஸ்விட்சைப் போட்டார், கார்டு புகைந்தது. டிஸ்க் இரண்டும் நலம்தான். ஆனால் அந்தக் கார்டு எழுதியதை வேறெதுவும் படிக்காது. அந்த மாடலும் இப்போது வருவதில்லை.

"சாஃப்ட்வேருக்குப் பொட்டு வெக்க முடியாது மாமே. அதுக்கோசரமாவது அத்தயே வெச்சிகினு இருந்திருக்கலாம்," என்றார் செல்வகுமார்.

ஜெகதீஷின் மனைவி நிவேதிதா அவர் போனைப் பிடுங்கி மகளைத் தேடினாள். பொட்டோடு கார்டு மட்டும் இருந்தது.